மொட்டைமாடி உரமும் மாமாவின் வாயும்

என் அக்கா வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் குடியிருப்பில் மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் குப்பை இன்ஸ்பெக்டர் என்பார்கள். அந்தப் பேரை வைத்தது நான்தான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் கோபப்பட மாட்டார், பெருமைப்படுவார். அப்படி ஒரு ஆள்.

நான் இதே குடியிருப்பில் எதிர் வீட்டில் இருக்கிறேன். மின்விசிறி, மிக்சி, சுவிட்ச் போர்டு ரிப்பேர் செய்கிற வேலை. அதனால் எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வருவேன், எல்லார் வீட்டுப் பேச்சும் காதில் விழும். மாமாவைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் எங்கள் படிக்கட்டுக்கு அடியில் குப்பைத் தொட்டி வைத்திருந்தோம். வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குவோம். ஒருநாள் மாமா கம்பெனியில் கழித்துப்போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம்களை வாங்கிவந்தார். என் துளைக்கிற மெஷினை எடுத்துக்கொண்டுபோய்ச் சுற்றிலும் காற்றுப் போக ஓட்டை போட்டார். என் மெஷினின் ஊசியையும் உடைத்தார். "ஊசி மட்டமான ஊசிடா, நம்ம மேல தப்பு இல்லை" என்றார். டிரம்களை மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக நிறுத்தினார். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாவற்றையும் தனி வாளியில் போட்டு வாசலில் வைக்கவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வாளிகளைச் சேகரிக்கக் கிளம்பிவிடுவார்.

நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அவர் வாய்தான் பிரச்சினை. வாளி மூடியைத் திறந்து வீட்டுக்காரர் முன்னாலேயே குச்சியால் கிளறுவார். பால் பாக்கெட் கிடைத்தால் இரண்டு விரலால் தூக்கிப்பிடித்துக்கொண்டு மணியடித்து, "இது மக்குமா?" என்று கேட்பார். மூன்றாவது மாடியில் பாங்கில் வேலை பார்க்கிறவர் வீட்டு வாளியில் ஒருமுறை மாத்திரை அட்டை கிடந்தது. மாமா அதன் பெயரை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். அந்த மனுஷருக்கு வயிறு சரியில்லை என்ற சேதி படிக்கட்டு முழுக்கத் தெரிந்துபோனது. அவர் மனைவி ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை.

ஆனால் நாற்றம் போய்விட்டது, அதையும் சொல்லவேண்டும். டிரம்மிலிருந்து எடுத்த உரம் கறுப்பாக, கையில் உதிர்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மாடிக்குப் போய்ச் சட்டியில் வாங்கிவருவோம். இலவசம்தான். கூடவே ஒரு சொற்பொழிவும் இலவசம்.

ஈரக் குப்பையை மட்டும் போட்டால் கூழாகி நாறும். காய்ந்த சருகை அடுக்கடுக்காகச் சேர்க்கவேண்டும். எங்கள் குடியிருப்பில் சருகு உதிர்க்க ஒரு மரம்கூடக் கிடையாது. மாமா வேலை செய்கிற கம்பெனி முன்னால் பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே வாரம்தோறும் புல்லை வெட்டிக் கேட் பக்கம் கொட்டுவார்கள். மாமா அதை மூட்டை கட்டிப் பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் திணித்துக் கொண்டுவந்து மாடியில் காயவைத்தார். மாட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஆபீஸ் போகிற மாதிரி இருக்கிறது என்று பின் சீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நல்ல காற்றைச் சுவாசித்துப் பழக்கமில்லாத மூக்கு என்று அவர்களிடம் சொல்லிவிட்டாராம்.

மாமாவின் சர்வீஸில் பஸ்ஸுக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதனாலோ என்னவோ, வாழ்க்கையிலும் தன்மேல் ஒரு கீறல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா வெளியூர் போனபோது அவர் சமைத்ததில் உப்பு கூடிப்போனால்கூட, உப்பு டப்பாவின் வாய் பெரிசு என்பார்.

கீழ்வீட்டில் தையல்காரம்மா இருக்கிறார். வாசல் அறையில் மெஷின் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பேச்சு குறைவு. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், பேசாமல் இருக்க அது ஒரு சாக்கு என்று நான் நினைப்பேன். கல்யாணமாகி வந்த வீட்டில் அந்தம்மா கை ராசியில்லாத கை என்று பேராகிவிட்டதாம். பால் திரிந்தால் அந்தக் கை, கொல்லையில் செடி வாடினால் அந்தக் கை. இதை ஒருநாள் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தப் பேர் வந்த நாளிலிருந்து அவர் மண்ணில் ஒரு விதைகூடப் போட்டதில்லையாம்.

அந்தம்மாவை மறுபடி செடி வைக்கச் சொன்னதே மாமாதான். அக்கா இந்தக் கதையைச் சொன்னதும் நேராகக் கீழே போனார். "விதையை மட்டும் போடுங்கம்மா. மத்ததை என் உரம் பாத்துக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அன்றைக்கு மாமாவை மனசுக்குள் பாராட்டினேன்.

தையல்காரம்மா டீ குடிக்கிற காகிதக் கப்புகளில் வெறும் மண்ணைப் போட்டுத் தக்காளியும் பீன்ஸும் விதைத்தார். எல்லாம் முளைத்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பாதிக் கழுத்தில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடுவார். என் அக்காவை இழுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு கப்பாகக் காட்டுவார். தைத்த துணியை வாங்க வந்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். நாற்று வளர்ந்ததும் புதிதாகத் தொட்டிகள் வாங்கி, மண்ணும் மாமாவின் உரமும் பாதிக்குப் பாதி கலந்து மாற்றிவைத்தார்.

சில நாளில் புது இலைகள் சுருள ஆரம்பித்தன. வாடவில்லை, மஞ்சளாகவில்லை. பச்சையாகவே ஒடுங்கி, விரலை மடக்கிக்கொள்கிற மாதிரி உள்ளே சுருண்டன. பீன்ஸ் தண்டு முறுக்கிக்கொண்டது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார், தொட்டிகளை நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றி இழுத்தார். பக்கத்திலேயே அதே உரத்தில் மாமாவின் சோளம் தோள் உயரத்துக்கு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சட்டியோடு மாடியில் நின்றபோது தையல்காரம்மா மாமாவிடம் மெதுவாகக் கேட்டார், உரத்தில் ஏதாவது இருக்குமோ என்று. மாமா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரே உரம்தானேம்மா. என் சோளத்தைப் பாருங்க. உரத்துல கோளாறுன்னா அதுவும்ல சுருளணும்? சில பேர் கைக்குச் செடி வராது. விடுங்க, உங்களுக்குத்தான் தையல் வருதே."

சிரித்தார்கள். தையல்காரம்மாவும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் செடிகளைத் தானே பிடுங்கி மாமாவின் டிரம்மில் போட்டார். கழுவின தொட்டிகளைக் கொண்டுவந்து, எனக்கு எதற்கு, உங்களுக்கு ஆகும் என்று கொடுத்தார். மாமா வாங்கிக்கொண்டார். அதில் எலுமிச்சைப் புல் வைத்தார். அதுவும் காடாக வளர்ந்தது.

பிறகு ஒருநாள், ஷிப்ட் முடிய நேரமிருக்கிறது என்று மாமா பஸ்ஸை விட்டு இறங்கிப் புல்வெளி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். காலடியில் புல்லுக்கு நடுவே அகல இலைக் களைச் செடி ஒன்று. அதன் இலை பச்சையாகவே ஒடுங்கி உள்ளே சுருண்டிருந்தது. தண்டு முறுக்கியிருந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாராம். தையல்காரம்மாவின் தொட்டியில் என்று ஞாபகம் வந்ததும் எழுந்துவிட்டாராம்.

முதுகில் மருந்து டாங்க் மாட்டிக்கொண்டு தெளிக்கிற ஆள் அங்கேதான் இருந்தார். மாமா அவரைக் கேட்டார். களைக்கொல்லி சார், புல்லை ஒன்றும் செய்யாது, மற்றதெல்லாம் சுருண்டுபோகும் என்று அவர் சொன்னார். அந்தப் புல்லை வெட்டி மக்கவைத்தால் என்று மாமா இழுத்தார். மக்கினாலும் மருந்து மாசக்கணக்கில் நிற்குமாம், அந்தப் புல்லை உரத்தில் சேர்க்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதாம். எழுத்து பொடியாக இருக்கும், யார் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் தெளிக்கப் போய்விட்டார். சோளமும் புல் ஜாதி, எலுமிச்சைப் புல்லும் புல் ஜாதி. அதை மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸைக் கேட் தூணில் உரசிவிட்டார். மானேஜரிடம் தானே போய், என் தப்புதான் சார் என்று சொன்னாராம். இதைக் கேட்டதும் அக்கா பயந்துபோனாள். மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் மாமா இரண்டு சட்டிகளோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் அவர் உரம். இரண்டிலும் பீன்ஸ் விதை. மாடியில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், உன் பால்கனியில் இருக்கட்டும் என்றார். தினமும் என் மின்விசிறியைப் பார்க்க வருகிற மாதிரி வந்து சட்டிகளைப் பார்த்துவிட்டுப் போவார். ஒன்றில் இலை கை விரித்த மாதிரி அகலமாக வந்தது. இன்னொன்று சுருண்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் மாட்டிக்கொண்டார் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவரே எல்லாவற்றையும் சொன்னார். போய் அந்தம்மாவிடம் சொல்லுங்கள் மாமா என்றேன்.

"சொல்லலாம். அப்புறம் எவன்டா என் பேச்சைக் கேட்டுக் குப்பையைப் பிரிப்பான்? மறுபடியும் படிக்கட்டு நாறும்."

காரணம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். குடியிருப்பைக் காப்பாற்றுகிறாரா, முகத்தைக் காப்பாற்றுகிறாரா என்று கேட்டேன். மாமா சுருண்ட சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புல் கொண்டுவருவதை நிறுத்தினார். உரம் கேட்டவர்களிடம் இன்னும் பதமாகவில்லை என்றார். இருந்த உரத்தையெல்லாம் மூட்டை கட்டிச் சுவரோரம் அடுக்கினார். மழைக்காலம் வந்தது, போனது. சொல்லவே இல்லை.

தையல்காரம்மா வீட்டைத் தாண்டாமல் படியேற முடியாது. மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் அவர் தலை குனிந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில்தான் மாமா வாசலைக் கடப்பார். பாதியில் மெஷின் நின்றால் இவரும் படியில் அப்படியே நிற்பார். வளர்ந்த மனுஷன் வாளியும் கையுமாகச் சுவரோடு ஒட்டி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பாவமாகவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

ஒருநாள் நர்சரியிலிருந்து காய் பிடித்த தக்காளிச் செடி ஒன்றை வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா அதே செடியோடு படியேறி வந்தார். தொட்டியைச் சுற்றித் துணி கட்டி, அதைப் பிடித்துத் தூக்கிவந்திருந்தார். யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், என்னிடம் இருந்தால் வீணாகிவிடும், நீங்களே வளருங்கள் என்றார். "என் கை படாமத்தான் தூக்கிட்டு வந்தேண்ணே" என்றும் சொன்னார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்காவுக்குக் காரணம் புரியவில்லை, என் சமையலுக்கு என்ன குறை என்று அவள் வேறு கோபித்துக்கொண்டாள்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் மாமா கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். தையல்காரம்மாவின் மகள் ஊருக்கு வெளியே சின்னதாக வீடு கட்டிக் குடிபோனாள். வாசலில் கொஞ்சம் மண் தரை. அதில் ஒரு மாதுளைக் கன்று வைக்கவேண்டும், அம்மாதான் வைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் அக்கா வீட்டில் சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா வந்தார். வாயில் குண்டூசி இல்லை.

"அவ மாசமா இருக்காண்ணே. என் கையால வச்சு அது பட்டுப்போச்சுன்னா அவ மனசு என்னாகும்? உங்க கை நல்ல கை. நீங்க வந்து வைங்க. உங்க உரத்துலயும் ஒரு மூட்டை எடுத்துக்கலாம்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் சுவிட்சைப் பார்த்தார். சரிம்மா என்றார்.

அந்தம்மா போனதும், கடையில் நல்ல உரம் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போகலாம், யாருக்கும் தெரியாது என்று நானே யோசனை சொன்னேன். அந்தக் கன்றாவது பிழைக்கட்டுமே என்றுதான். ஆனால் கிளம்புகிற அன்று பார்த்தால் மாமா மாடிச் சுவரோரம் இருந்த பழைய மூட்டையைத்தான் இறக்கிக்கொண்டிருந்தார். என்ன செய்யப் போகிறார் என்று புரியவில்லை. ஸ்கூட்டரில் மூட்டையை முன்னால் வைத்து அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக என் ஓட்டுதலில் குறை சொல்லாமல் வந்தார். அது நடந்ததே இல்லை.

குழி தோண்டி வைத்திருந்தார்கள். மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தையல்காரம்மா தள்ளிப்போய்ச் சுவரோரமாக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூட்டை வாயைப் பிரித்தார். ஒரு கை உரத்தை அள்ளினார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

போடுங்கண்ணே என்றார் தையல்காரம்மா.

"இதைப் போட்டா இந்தக் கன்னும் சுருண்டுடும்மா. உங்க தக்காளி சுருண்ட மாதிரியே" என்றார் மாமா. தலையைத் தூக்காமல், குழியைப் பார்த்தபடியே கம்பெனிப் புல், மருந்து, சோளம் எல்லாவற்றையும் சொன்னார். பால்கனியில் வைத்த பீன்ஸையும் சொன்னார். வாசலில் தக்காளிச் செடி வைத்தது யார் என்பதையும் சொன்னார். "உங்க கை மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் என் உரம்தான்."

எப்போது தெரியும் என்று தையல்காரம்மா கேட்டார். மழைக்கு முன்னாடி என்றார் மாமா.

"அன்னைக்கு மாடியில தெரியாமச் சொன்னீங்க. அது போகட்டும். இத்தனை நாளா தெரிஞ்சே என்னை அப்படியே விட்டுட்டீங்களே."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. மாமாவின் கையிலிருந்த உரம் விரலிடுக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அவர் வாயில் தயாராக இருந்த அந்த வார்த்தை, நம்ம மேல தப்பு இல்லை, அன்றைக்கு வரவில்லை. எனக்கே அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும்.

"தள்ளுங்கண்ணே" என்றார் தையல்காரம்மா. மூட்டையை ஓரமாக இழுத்து வைத்தார். கன்றைக் குழியில் இறக்கி, தோண்டிப்போட்ட மண்ணையே கையால் அள்ளிப் போட்டுச் சுற்றிலும் அமுக்கினார். மகள் தண்ணீர் ஊற்றினாள். மண் ஒட்டின கையோடு எழுந்து நின்று, நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னாலேயே வந்து மாற்றிச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீடு வீடாகப் போய் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டார். உரம் கொடுக்கப் போகிறார் என்று சட்டியோடு வந்தார்கள். மாமா தொண்டையைச் செருமிச் செருமிச் சொல்லி முடித்தார். சொற்பொழிவு ஆற்றுகிற ஆளுக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு பாங்க்காரர் மனைவி, "எங்க மிளகாய்ச் செடியும் இப்படித்தான் சுருண்டுச்சு. சொன்னா நீங்க எல்லார் முன்னாடியும் ஏதாவது சொல்லுவீங்கன்னு யாருக்கும் தெரியாமத் தூக்கிப் போட்டுட்டோம்" என்றார். இரண்டாவது மாடியில் கத்தரிச் செடி சுருண்டிருந்தது. அதற்கு எதிர் வீட்டில் ரோஜா. என் அக்காகூட ஒரு அவரைக் கொடியைப் பிடுங்கிப்போட்டிருக்கிறாள், அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி காலியாகியிருக்கிறது. மாமாவின் வாய்க்குப் பயந்து எல்லாரும் மறைத்திருக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் அன்றைக்கே உரத்தைச் சந்தேகப்பட்டிருப்போம், தையல்காரம்மா அவ்வளவு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. உரத்துக்காக வெட்கப்படத் தயாராகி வந்தவர், தன் வாய்க்காகவும் வெட்கப்படவேண்டியதாகிவிட்டது. எல்லாரும் காலிச் சட்டியோடு இறங்கிப் போனபிறகும் அவர் டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றார். அக்கா வந்து கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள்.

அந்த உரத்தை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை, சோளத்துக்கு மட்டும் போட்டுத் தீர்க்கிறார். சருகுக்குப் பதில் அட்டைப் பெட்டிகளை வாங்கிவந்து கூடத்தில் உட்கார்ந்து துண்டு துண்டாகக் கிழிக்கிறார். அக்காவுக்குக் கூட்டிப் பெருக்கி இடுப்பு ஒடிகிறது. வாளி எடுக்க இன்னும் வருகிறார். ஆனால் மூடியைத் திறப்பதில்லை. பால் பாக்கெட் இருந்தால் மாடியில் தானே எடுத்துக் கழுவித் தனியாக வைக்கிறார். மணியடிப்பதில்லை. தையல்காரம்மாவிடம் அன்றைக்கு வாங்கிக்கொண்ட தொட்டிகளைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி அவர் வாசலில் வைத்தார். அந்தம்மா எடுத்துக்கொண்டார். இப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். ஆனால் தன் வீட்டு வாளியை வாசலில் வைப்பதில்லை. தானே மாடிக்குக் கொண்டுபோய் டிரம்மில் கொட்டிவிட்டு இறங்குகிறார்.

மாதுளை துளிர்விட்டிருக்கிறதாம். மாடியில் டிரம்களுக்கு எதிர் மூலையில் தையல்காரம்மா மறுபடி பீன்ஸ் போட்டிருக்கிறார். வாளி கொட்ட மாடிக்கு வந்தாலும் மாமா அந்த மூலைப் பக்கம் போவதில்லை. தினமும் காலையில் பஸ் எடுக்கப் போகும் முன் மாமா என்னை மாடிக்கு அனுப்புகிறார், இலை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி. நேற்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இலை தட்டு மாதிரி விரிந்திருக்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள் மாமா, அந்தம்மா இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சொல்ல மாட்டாங்கடா. அதான் போக முடியல."